பின்னால் தோண்டப் போகிறவர்

கோவை வட்டாரத்தில் வீட்டின் பின்னால் பட்டறை வைத்துப் பிழைக்கும் குடும்பங்கள் ஏராளம். தகரக் கூரை, அதன் கீழ் ஒரு லேத், ஒரு வெல்டிங் மிஷின், சுவரோரம் ஒரு டிரில்லிங் மிஷின். மீட்டரும் மெயின் போர்டும் வீட்டின் முன்சுவரில் இருக்கும். இரண்டுக்கும் நடுவே ஐம்பது அறுபது அடி காலி இடம். அதில் துவைக்கிற கல், ஒரு முருங்கை மரம், கன்றுக்குட்டி கட்டுகிற முளை. அதைக் கடந்து பட்டறைக்குக் கரண்ட் போயாக வேண்டும். மேலே கம்பி இழுத்தால் முருங்கைக் கிளை முறிந்து அதன் மேலேயே விழும். ஆகவே மண்ணுக்குள் யூ.ஜி. கேபிள் என்று முடிவாகிறது. குழி வெட்ட வந்தவர் கடப்பாரையை ஊன்றிக்கொண்டு கேட்பார்: "ஏனுங்ண்ணா, ஒரு அடி போதாதுங்களா? இங்க என்ன லாரியா ஓடப் போகுது?" வயர்மேன் பொறுப்பானவராக இருந்தால், "இல்லீங், ரெண்டரை அடி வேணும்" என்பார்.

அந்த இரண்டரை அடி அவர் இஷ்டத்துக்குச் சொன்ன கணக்கு அல்ல. கேபிள் பதிப்பதற்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 1255, தாழ்வழுத்தக் கேபிளுக்கு 75 சென்டிமீட்டர் ஆழம் கேட்கிறது. சாலையைக் கடக்கும் இடத்தில் 1 மீட்டர். குழியின் அடியில் சலித்த மணலைப் பரப்பி, அதன் மேல் ஆர்மர்டு கேபிளைப் படுக்க வைத்து, மறுபடி மணல் போட்டு, மேலே செங்கல்லை வரிசையாக அடுக்கி, அப்புறம்தான் மண்ணைத் தள்ளவேண்டும். சுக்கான் பாறை குறுக்கிடும் பூமியில் இது லேசான வேலை இல்லை. இரண்டாவது அடிக்குக் கீழே கடப்பாரை தெறிக்கும், கை கொப்பளிக்கும், கூலி ஏறும்.

இவ்வளவு பாடும் யாருக்காக? கேபிளுக்கு ஆழம் தேவையில்லை. சொல்லப்போனால் ஆழம் கூடக் கூட மண்ணுக்குள் சூடு தங்கும். கேபிள் தாங்கக்கூடிய கரண்ட் குறையவே செய்யும். வீட்டுக்காரருக்கும் தேவையில்லை. கேபிள் எந்த வழியாகப் போகிறது என்று அவருக்குத் தெரியும், அங்கே அவர் கடப்பாரை போடமாட்டார். மிஞ்சுவது தெரியாதவர் ஒருவரே. பதினைந்து வருடம் கழித்துத் தண்ணீர்க் குழாய் பதிக்க வரும் பிளம்பர், வீட்டை வாங்கப் போகிறவர், வாழைக்கன்று நட மண்வெட்டி எடுக்கும் அவருடைய மகன். அந்த மகன் இன்னும் பிறக்காமலும் இருக்கலாம். முகம் தெரியாத, பெயர் தெரியாத, ஒருவேளை இன்னும் உலகத்துக்கே வராத ஒருவருக்கு, இன்று குழியில் நிற்கிறவர் கடன்பட்டிருக்கிறாரா? இரண்டரை அடிக்குள் கிடப்பது இந்தக் கேள்விதான். மின்சாரம் வருவதற்கு வெகுகாலம் முன்பே மதங்கள் இதைக் கையில் எடுத்திருக்கின்றன.

பாபிலோனிய தல்மூது கி.பி. 6ஆம் நூற்றாண்டு வாக்கில் வடிவம் பெற்ற யூத அறநூல். பிறருக்கு விளையும் சேதங்களைப் பேசுவதற்கென்றே அதில் ஒரு பகுதி உண்டு. பாபா காமா என்று பெயர். முற்காலத்துப் பக்திமான்கள் முள்ளையும் உடைந்த கண்ணாடியையும் என்ன செய்தார்கள் என்று அதில் ஒரு குறிப்பு வருகிறது. தெருவில் எறியவில்லை. தங்கள் வயலிலேயே, மூன்று கையகல ஆழத்தில் புதைத்தார்கள். மூன்று கையகலம் என்றால் நம் கணக்கில் ஏறக்குறைய ஒரு சாண். ஏர் உழும்போது கொழுமுனை அந்த ஆழத்தை எட்டாது. புதைத்தது மேலே வராது. மதநூல் ஒன்று புதைக்கும் ஆழத்தை அளவு போட்டுச் சொல்கிறது என்பதை ஒரு வயர்மேன் படித்தால் தன் தொழிலின் மூத்தோரை அங்கே அடையாளம் கண்டுகொள்வார்.

அதே இடத்தில் இன்னும் இரண்டு பேர் வருகிறார்கள். ராவ் ஷேஷெத் என்ற அறிஞர் அந்தக் குப்பையைப் புதைக்கவே இல்லை, நெருப்பில் போட்டார். ராவா என்பவர் டைகிரிஸ் நதியில் எறிந்தார். ஒரு சாண் ஆழத்தை நம்ப அவர்கள் தயாராக இல்லை என்றே தோன்றுகிறது. நாளைக்கு எவனாவது ஆழமாக உழுதால்?

பாபா காமாவில் இன்னொரு கதையும் உண்டு. ஒருவன் தன் நிலத்துக் கற்களைப் பொறுக்கிப் பொதுவழியில் எறிந்துகொண்டிருக்கிறான். அந்த வழியே வந்த பெரியவர், "உனக்குச் சொந்தமில்லாத இடத்திலிருந்து எடுத்து உனக்குச் சொந்தமான இடத்தில் ஏன் போடுகிறாய்?" என்ற பொருளில் கேட்கிறார். அவன் சிரிக்கிறான். காலம் போகிறது. நிலத்தை விற்க வேண்டி வருகிறது. பிறகு அதே பொதுவழியில் நடக்கும்போது தானே எறிந்த கல்லில் இடறுகிறான். பெரியவர் சொன்ன கணக்கு அப்போது அவனுக்குப் புரிகிறது.

"என் இடம், என் கொல்லை, நான் எப்படிப் போட்டால் யாருக்கென்ன" என்று சொல்லும் ஒவ்வொருவரும் இந்தக் கதையில் இருக்கிறார்கள். பத்திரம் இன்று ஒருவர் பெயரில் இருக்கிறது. இருபது வருடத்தில் அது அண்ணன் தம்பிக்குள் பாகமாகப் பிரியும், அல்லது மனை பிரித்து விற்கப்படும். கேபிள் அசையாது, அதன் மேல் இருக்கும் உரிமை மட்டும் கை மாறிக்கொண்டே போகும். நம் ஊரில் நிலம் வாங்குகிறவர்கள் வில்லங்கச் சான்றிதழ் போட்டுப் பார்க்கிறார்கள். அந்த மனை மேல் இருக்கும் அடமானம், கிரயம், பாகப்பிரிவினை எல்லாம் அதில் வரும். மனைக்குள் ஓடும் கரண்ட் வராது.

தல்மூதின் கண்ணாடித் துண்டு சொல்லிவைத்தாற்போல் இருபதாம் நூற்றாண்டிலும் ஒரு முறை தலைகாட்டுகிறது. ஆக்ஸ்போர்டு தத்துவ அறிஞர் டெரெக் பார்ஃபிட் 1984-இல் எழுதிய 'ரீசன்ஸ் அண்ட் பெர்சன்ஸ்' நூலில், காட்டுப் புதரில் ஒருவன் உடைந்த கண்ணாடியை விட்டுச் செல்வதாகக் கற்பனை செய்யச் சொல்கிறார். நூறு வருடம் கழித்து அது ஒரு குழந்தையின் காலைக் கிழிக்கிறது. விட்டவன் செத்து எத்தனையோ காலம் ஆயிற்று. அவன் விட்ட நாளில் குழந்தை பிறக்கவே இல்லை. அதனால் அவன் செய்தது தீங்கு இல்லை என்று ஆகிவிடுமா? ஆகாது என்பது பார்ஃபிட்டின் பதில். தூரம் எப்படிக் குற்றத்தைக் குறைக்காதோ அப்படியே காலமும் குறைக்காது. கடவுளைத் துணைக்கு அழைக்காத ஒருவரும், கடவுளை விட்டு ஒரு அடி நகராத யூத மதகுருமாரான ரப்பிகளும் ஒரே கண்ணாடித் துண்டின் முன் ஒரே தீர்ப்புக்கு வருகிறார்கள். இந்தக் கடன் ஏதோ ஒரு மதத்தின் தனிச்சொத்து இல்லை என்று நம்ப இதுவே போதிய காரணம்.

பல நாடுகளின் விதிகள் இந்தக் கடனைத் தத்தம் வழியில் எழுதிவைத்திருக்கின்றன. அமெரிக்காவின் தேசிய மின்விதிகள் ஒரே ஆழம் சொல்வதில்லை. கேபிளை அப்படியே மண்ணில் போட்டால் 24 அங்குலம். பி.வி.சி. குழாய்க்குள் விட்டால் 18. கனத்த இரும்புக் குழாய் என்றால் 6 போதும். கசிவு வந்த மறுகணம் தானே அணையும் கருவியோடு கூடிய சின்ன 120 வோல்ட் இணைப்புக்கு 12. இந்த அட்டவணையைச் சற்று நேரம் உற்றுப் பார்த்தால், ஒவ்வொரு எண்ணுக்குப் பின்னாலும் மண்வெட்டியோடு ஓர் ஆள் நிற்பது தெரியும். அவன் எவ்வளவு ஓங்கி வெட்டுவான், வெட்டு பட்டால் எது தாங்கும், தாங்காவிட்டால் அவன் உயிர் பிழைப்பானா என்று யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள்.

பிரிட்டனின் விதி எண்ணே சொல்வதில்லை. அந்த மண்ணில் நியாயமாக எதிர்பார்க்கக்கூடிய எந்தத் தோண்டலாலும் சேதம் வராத அளவு ஆழம் என்கிறது. மேலே எச்சரிக்கை நாடா அல்லது மூடுபலகை வை என்கிறது. இதைப் படித்துவிட்டு அளவுநாடாவை மட்டும் நீட்டி வேலையை முடித்துவிட முடியாது. இந்த இடத்தில் நாளை யார் என்ன செய்வார் என்று பதிப்பவரே கற்பனை செய்தாக வேண்டும். பூச்செடிப் பாத்தியா, வேலிக்கல் நடும் இடமா, கார் நிறுத்தப் போகிறார்களா? இவற்றுள் எது உயர்ந்தது என்று கேட்டால், எண் இல்லாத விதியே அறத்துக்கு நெருக்கமானது என்று சொல்லலாம். ஆனால் அவசரக்காரர் கையில் அதுவே ஓட்டையாகும். ஆகவே நம் ஊருக்கு எண்ணும் வேண்டும், கற்பனையும் வேண்டும்.

மின்சாரத்தை மண்ணுக்குள் அனுப்பிய முதல் காலத்திலேயே மண் பாடம் சொல்லிவிட்டது. எடிசனின் பேர்ல் தெரு மின்நிலையம் நியூயார்க்கில் 1882 செப்டம்பர் 4 அன்று ஓடத் தொடங்கியது. தண்ணீரும் எரிவாயுவும் போல மின்சாரமும் தெருவுக்கு அடியில்தான் போகவேண்டும் என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார். செம்புக் கம்பிகளை இரும்புக் குழாய்க்குள் வைத்து, சுற்றிலும் காப்புக் கலவையை ஊற்றி, தெருத் தெருவாகப் பதித்தார்கள். நிலையம் ஓடத் தொடங்கிய சிறிது நாளில் போலீஸ்காரர் ஒருவர் ஓடி வந்தார். ஆன் தெருவும் நாசாவ் தெருவும் சந்திக்கும் முனையில் ஒரே கூட்டம். அந்த இடத்தில் கால் வைக்கும் குதிரைகளெல்லாம் துள்ளி எகிறுகின்றன. இணைப்புப் பெட்டி ஒன்றில் கசிவு. ஈரத் தெருவுக்குக் கரண்ட் ஏறியிருந்தது. லாடம் அடித்த குதிரைக்கு முன்காலுக்கும் பின்காலுக்கும் உள்ள தூரம் அதிகம். அந்த இரண்டு இடங்களுக்கு இடையில் மின்னழுத்த வேறுபாடும் அதிகம். தோல் செருப்புப் போட்டு இரண்டு காலையும் சேர்த்து நின்றவர்களுக்கு ஒன்றும் உறைக்கவில்லை. மழைக்காலத்தில் மின்கம்பத்துக்கு அருகே மேயும் மாடு விழுந்து சாவதும் இதே காரணத்தால்தான். மண்ணுக்குள் நடக்கும் தவற்றை முதலில் தாங்குவது செருப்பில்லாத காலும் வாயில்லாத பிராணியும்.

இனி, குழிக்குள் நடக்கும் தவறுகளில் மிகக் கொடியது. பட்டறைக்குப் பேஸ், நியூட்ரல், எர்த் மூன்றும் போகவேண்டும். பட்டறைப் பக்கம் தனியாக ஓர் எர்த் குழியும் எடுப்பது நல்லது. காசை மிச்சம் பிடிக்க இரண்டு கோர் கேபிளை மட்டும் போட்டு, பட்டறை போர்டில் நியூட்ரலிலிருந்து ஒரு துண்டுக் கம்பியை எர்த் முனைக்கு லூப் கொடுத்துவிடுகிறவர்கள் உண்டு. பல்பு எரியும். கிரைண்டர் சுற்றும். டெஸ்டர் வைத்தால் ஒன்றும் காட்டாது. வருடக்கணக்கில் எல்லாம் சரியாகவே நடக்கும். ஒருநாள் வழியில் எங்கோ லக் துருப்பிடித்து நியூட்ரல் அறுந்துபோகும். அந்தக் கணத்தில் லேத்தின் இரும்பு உடம்பு, டிரில்லிங் மிஷினின் கைப்பிடி, வெல்டிங் மிஷினின் கூடு எல்லாவற்றிலும் 230 வோல்ட் ஏறி நிற்கும். காலையில் முதலில் வந்து மிஷினைத் துடைக்கும் பையன் அதன் மேல் கை வைப்பான்.

கேபிள் நீளம் போதாமல் நடுவே ஒட்டுப் போட்டு, டேப் சுற்றி, அதன் மேல் ஒரு பிளாஸ்டிக் பாட்டிலை வெட்டிக் கவிழ்த்துப் புதைத்துவிடுவதும் இதே வகை. ஐப்பசி மழை ஒன்று போதும், தண்ணீர் உள்ளே போய்விடும்.

இதையெல்லாம் பட்டப்பகலில், வீட்டுக்காரர் காபி கொண்டுவந்து கொடுக்கும் நேரத்திலேயே செய்யலாம். மண்ணைத் தள்ளிவிட்டால் சாட்சி இல்லை. பிளேட்டோவின் 'குடியரசு' நூலில் கிளௌகோன் சொல்லும் கதை இங்கே பொருந்துகிறது. லிடியா நாட்டில் பெருமழையும் நிலநடுக்கமும் வந்து பூமி பிளக்கிறது. ஆடு மேய்க்கும் ஒருவன் அந்தப் பிளவுக்குள் இறங்கி ஒரு மோதிரம் எடுக்கிறான். அதைத் திருகினால் யார் கண்ணுக்கும் தெரியமாட்டான். யாரும் பார்க்கவில்லை, பிடிபடவே மாட்டோம் என்று உறுதியானால் எந்த மனிதனாவது நேர்மையாக இருப்பானா என்பது கிளௌகோனின் சவால். நமக்கு மாயமோதிரம் தேவையில்லை, திறந்து கிடக்கும் குழியே அந்த வேலையைச் செய்கிறது. திருக்குறளின் 28ஆம் அதிகாரமான கூடாவொழுக்கம், மறைவில் வஞ்சகம் செய்கிறவனைப் பார்த்து ஐம்பூதங்களும் அவனுக்குள்ளேயே நகைக்கும் என்கிறது. ஐந்தில் ஒன்று நிலம். பிளேட்டோவின் உரையாடல் பல புத்தகங்கள் ஓடி எட்டும் பதிலை வள்ளுவர் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறார்: சாட்சி வெளியே இல்லை.

இவ்வளவும் பேசினால் நம்மவர்கள் வழக்கமாக ஒரு பதிலை வைத்திருப்பார்கள். "அவன் அவன் தலைவிதி. எவன் எங்கே சாகணும்னு எழுதியிருக்கோ அங்கேதான் சாவான். நான் யாரையும் கொல்லணும்னு நினைச்சேனா?" இதை வெறும் சாக்கு என்று ஒதுக்க முடியாது. எண்ணமே வினை என்பது பௌத்தம் அழுத்திச் சொன்ன கருத்து. எண்ணம் இல்லாத இடத்தில் வினையும் ஒட்டாது என்றால், கேபிள் போட்டவர் தப்பித்துவிடுகிறார்.

தப்பவிடாமல் பிடித்து நிறுத்துவது சமணம். சுவேதாம்பரர், திகம்பரர் இரு சாராரும் ஏற்கும் 'தத்துவார்த்த சூத்திரம்' ஏழாம் அத்தியாயத்தில் கொலைக்கு வரையறை சொல்கிறது. அதன் ஆசிரியர் உமாசுவாதி அங்கே பகையையோ கோபத்தையோ முன்னே வைக்கவில்லை. கவனக்குறைவோடு கூடிய செயலால் உயிர் போவதே ஹிம்சை என்கிறார். அசட்டைதான் அங்கே குற்றத்தின் வேர். பொருளை எடுப்பதிலும் கீழே வைப்பதிலும்கூட உயிர்களுக்குத் தீங்கு வராத கவனம் வேண்டும் என்பது சமணத் துறவியின் ஐந்து சமிதிகளில் ஒன்று. விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் இன்றும் வாழும் தமிழ்ச் சமணர்களுக்கு இது பழகிய பாடம். மண்ணுக்குள் ஒரு பொருளை வைக்கும் வேலைக்கு இதைவிடப் பொருத்தமான விதியை எந்த மின்வாரியமும் எழுதிவிட முடியாது. "கொல்ல நினைக்கவில்லை" என்பதோடு "கவனிக்க நினைக்கவில்லை" என்பதும் சேர்ந்தால் அந்த மனிதருக்கு விடுதலை இல்லை. பௌத்தத்திலும் கடைசியில் இதுவே நிற்கிறது. புத்தர் மறையும் முன் சீடர்களிடம் கடைசியாகக் கேட்டுக்கொண்டது விழிப்போடு இருக்கும்படிதான்.

நம் வீடுகளில் அஸ்திவாரம் தோண்டும் முன் பூமி பூஜை போடுகிறோம். மண்ணை வெட்டுவதற்கு மண்ணிடமே பொறுத்தருளக் கேட்கும் நல்ல வழக்கம் அது. ஆயுத பூஜை அன்று லேத்துக்கும் வெல்டிங் மிஷினுக்கும், மெயின் போர்டுக்கும்கூடச் சந்தனமும் குங்குமமும் வைக்கிறோம். தோண்டுமுன் ஒரு சடங்கு உண்டு, ஓட்டுமுன் ஒரு சடங்கு உண்டு. மூடுமுன் மட்டும் எதுவும் இல்லை. ஆனால் பின்னால் வரப் போகிறவரின் உயிர் அந்த நேரத்தில்தான் முடிவாகிறது.

மூடுமுன் செய்யவேண்டியது என்ன? ஆழம் போட்டாயிற்று, மணலும் செங்கல்லும் போட்டாயிற்று. அத்துடன் கடன் தீர்ந்ததா? தல்மூது காலத்து ஏர் ஒரு சாண் உழுதது. ஆகவே ஒரு சாணுக்குக் கீழே பத்திரம். இன்று ஜே.சி.பி.யின் கை நான்கு மீட்டருக்கும் கீழே போகும். இரண்டரை அடி அதற்கு ஒரு வாய்க்குக் காணாது. ராவ் ஷேஷெத்தைப் போல எரிக்கவோ ராவாவைப் போல ஆற்றில் எறியவோ இது குப்பை இல்லை. பட்டறைக்குச் சோறு போடும் கம்பி, அங்கேயே கிடந்தாக வேண்டும். எவ்வளவு ஆழமும் போதாத காலத்தில் ஆழத்தோடு சேர்த்து இன்னொன்றும் தேவைப்படுகிறது: இங்கே இருக்கிறது என்று சொல்லிவைப்பது. சொல்லாமல் புதைத்தால், எவ்வளவு ஒழுங்காகப் புதைத்தாலும் கடனில் பாதி நிற்கிறது.

இதை அரசாங்கம் பார்த்துக்கொள்ளும் என்று விடவும் வழியில்லை. அமெரிக்காவில் தோண்டுமுன் 811 என்ற எண்ணுக்குக் கூப்பிட்டால் ஆள் வந்து மண்ணில் வண்ணம் அடித்துக் காட்டுவார்கள்: மின்சாரத்துக்குச் சிவப்பு, எரிவாயுவுக்கு மஞ்சள், குடிநீருக்கு நீலம். ஆனால் அவர்கள் காட்டுவது அந்தந்த நிறுவனத்துக்குச் சொந்தமான கம்பிகளையும் குழாய்களையும் மட்டும். மீட்டருக்கு இந்தப் பக்கம் வீட்டுக்காரர் தானே பட்டறைக்கு இழுத்த கேபிளை அவர்கள் குறிப்பதில்லை. இந்தியாவில் 2023 மார்ச்சில் மத்திய தொலைத்தொடர்புத் துறை தோண்டுவோருக்கும் நிலத்தடிச் சொத்து உடையோருக்குமாக ஒரு செயலியைக் கொண்டுவந்தது. கண்ணாடி இழைக் கேபிள்கள் வெட்டுப்படாமல் காக்க அது நல்ல ஏற்பாடு. ஒரு வீட்டின் கொல்லைக்குள் என்ன ஓடுகிறது என்று அதற்கு எப்படித் தெரியும்? அந்தக் கேபிள் இருக்கும் இடம் அதைப் போட்டவருக்கும் போடச் சொன்னவருக்கும் மட்டுமே தெரியும். அவர்கள் இருவரும் போய்விட்டால் யாருக்கும் தெரியாது.

ஆகவே பட்டறைக்கு லைன் இழுக்கும் வீட்டுக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். செங்கல் அடுக்கிய பின் பாதி மண்ணைத் தள்ளியதும் நிறுத்தி, மேல்மட்டத்திலிருந்து ஒரு அடிக்குக் கீழே எச்சரிக்கை நாடாவை முழு நீளத்துக்கும் விரியுங்கள். மின்சாதனக் கடைகளில் கேட்டால் கிடைக்கும், விலையும் அதிகமில்லை. முழுதாக மூடுவதற்கு முன்பே குழியை இரு முனையிலிருந்தும் போட்டோ எடுத்துவிடுங்கள். கேபிள் திரும்பும் ஒவ்வொரு இடமும் வீட்டு மூலையிலிருந்து எத்தனை அடி, காம்பவுண்டுச் சுவரிலிருந்து எத்தனை அடி என்று ஒரு தாளில் படம் வரைந்து, ஆழம், கேபிள் அளவு, தேதி, எந்தச் சுவிட்சை அணைத்தால் அது செத்துப்போகும் என்பதையும் எழுதுங்கள். ஒரு பிரதியை மெயின் போர்டுக் கதவின் உட்புறம் ஒட்டுங்கள். இன்னொன்றை வீட்டுப் பத்திரக் கட்டுக்குள் வையுங்கள். வீடு யாருக்குப் போனாலும் அந்தக் கட்டு அவர் கைக்குப் போய்ச் சேரும்.